சொல்லிக்கொண்டு போனவன்

காலையில் அஞ்சப்பன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

சண்டை சின்னச் சண்டைதான். ஆனால் சின்னச் சண்டைக்குத்தான் வால் நீளம். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தான், மழைச்சட்டையை எடுத்துத் தோளில் போட்டான், வாசலில் செருப்பை மாட்டினான். மாட்டிவிட்டு ஒரு கணம் நின்றான். அந்தக் கணத்தில் "வர்றேன்" என்று ஒரு சொல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டி கிளம்பும் சத்தம்தான் வந்தது.

தையல்நாயகிக்கு அது மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உப்பங்குடியில் கடலுக்குப் போகிறவன், பெண்டாட்டியோடு மூன்று நாள் பேசாமல் இருந்தாலும், போகும்போது "வர்றேன்" என்று சுவரைப் பார்த்தாவது சொல்லிவிட்டுத்தான் போவான். "போறேன்" என்ற சொல்லை அந்தக் கரையில் யாரும் வாயில் வைப்பதில்லை. சொல்லாமலே போவது அதைவிட மோசம். அவள் உள்நாட்டில், வயல்காட்டுப் பக்கம் பிறந்தவள். கல்யாணம் கட்டி வந்த புதிதில் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள்தான். இப்போது அவளே வாசற்படியில் நின்றுகொண்டு, போன வண்டியின் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லச் சொல்லலாமா என்று பார்த்தாள். வீம்பு விடவில்லை.

சண்டை கதவைப் பற்றியது. வீட்டுக் கதவு இல்லை, ஆற்றுக் கதவு.

கடல் மட்டம் ஏறத் தொடங்கிய பிறகு குறிச்சியாற்றின் வாயில் பெரிய கதவணை ஒன்றைக் கட்டினார்கள். திறந்தால் கப்பலும் படகும் உள்துறைமுகத்துக்கு வரும்; கூடவே உப்புத்தண்ணீரும் வரும். மூடினால் வயல் பிழைக்கும், படகுக்காரன் பிழைப்பு போகும். நடுவில் இருக்கும் அலையாத்திக் காட்டுக்கோ முழு உப்பும் ஆகாது, முழு நல்ல தண்ணீரும் ஆகாது. இரண்டும் கலந்து, அதுவும் அளவாக வேண்டும். மூன்று மாமியாருக்கு ஒரே மருமகள் என்றால் அவள் பாடு எப்படியோ அப்படித்தான் கதவணையின் பாடும். மனிதர்கள் உட்கார்ந்து பேசிப் பேசி அந்தப் பஞ்சாயத்து தீராமல் போகவே, கடைசியில் ஓர் இயந்திர மூளையிடம் விட்டுவிட்டார்கள். அலை, காற்று, ஆற்று வரத்து, தண்ணீரின் உப்பு, காட்டுக்குள் நண்டு வளை நனைகிறதா இல்லையா என்பது வரைக்கும் கருவிகள் வழியாக அது பார்த்துக்கொண்டே இருக்கும். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது எல்லாம் அதன் முடிவு. கழிமுக ஆணையம் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் நீராணி என்றார்கள். அந்தக் காலத்தில் வாய்க்கால் மடையைத் திறந்து மூடுகிற ஆளுக்கு அதுதான் பெயர். இப்போதைய பிள்ளைகள் யாரோ ஒரு ராணியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தன.

"ஒங்க அண்ணனுக்கு வயலு நனைஞ்சாப் போதும். எங்க படகு காஞ்சு கெடக்கணும்" என்று அவன் சொன்னான். "கடல்ல சுத்துறவங்களுக்குக் கரையில இருக்கறவன் கஷ்டம் என்ன தெரியும்? ஒருநாள் உப்பு ஏறுனா மூணு வருஷத்துக்கு வெள்ளாமை கெடையாது" என்று அவள் சொன்னாள். அவ்வளவுதான். அவள் அண்ணன் கோதண்டபாணிக்குக் கடைமடையில் நிலம். ஆறு கடலில் விழுவதற்கு முன்னால் கடைசியாகத் தண்ணீர் பாய்கிற நிலம். சம்பா நட்டு, பயிர் தூர் கட்டி நின்றது.

நீராணிக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்க வந்தவள்தான் தையல்நாயகி. படகுக்காரர்களுக்குப் பொத்தானை அமுக்குவது சரிப்படவில்லை. கையில் வலை இருக்கும், கயிறு இருக்கும், ஈரம் இருக்கும். கதவைத் தாண்டும்போது வாயால் சொன்னால் போதும், நீராணி கேட்டுக் குறித்துக்கொள்ளும் என்று வைத்தார்கள். வைத்த முதல் நாளே கூத்தாகிவிட்டது. விடியலில் கடலுக்குக் கிளம்பிய படகெல்லாம் கதவடியில் "வர்றேன்" "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயின. நீராணி அத்தனை படகும் உள்ளே வருவதாகக் குறித்துக்கொண்டு, கதவை விரியத் திறந்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு படகும் வரவில்லை, உப்புத்தண்ணீர் மட்டும் வந்தது. நல்லவேளை, அன்றைக்கு ஓதம் குறைவு, கடல் அவ்வளவாக ஏறவில்லை. ஊர் சிரித்தது, ஆணையம் சிரிக்கவில்லை. மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிப் பிடித்து அவளைக் கொண்டுவந்தார்கள்.

"வர்றேன்னா போறேன்னு அர்த்தம்" என்று அவள் முதல் பாடத்தை ஆரம்பித்தாள்.

"அப்படின்னா நெசமா வர்றவங்க என்ன சொல்லுவாங்க?" என்று நீராணி கேட்டது. 

"அவங்களும் வர்றேன்னுதான் சொல்லுவாங்க."

"ஏன் போறவங்க போறேன்னு சொல்லக்கூடாது?"

"போறேன்னா போனது போனதுதான்னு ஆயிடும். திரும்பி வருவேன்னு கரைக்கு வாக்குக் குடுத்துட்டுப் போறோம்ல, அதான் வர்றேன்."

"ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?"

அவள் யோசித்தாள். அதுவரைக்கும் அவளே அதைப் பற்றி யோசித்ததில்லை. பிறகு, காதால்தான் பார்க்க வேண்டும் என்றாள். நிஜமாக வருகிறவன் அவசரத்தில் இருப்பான். இதோ வர்றேன், வந்துட்டேன் என்று ஒரே மூச்சில் வரும். விடைபெறுகிறவன் நிற்பான். "ஆளைப் பேர் சொல்லிக் கூப்புடுவாங்க. கூப்புட்டுட்டுக் கொஞ்சம் நிறுத்துவாங்க. அதுக்கப்புறம் வர்றேன்னு சொன்னா, அது போறது." நீராணி ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்ளும். தப்பாகச் செய்தால் அவள் திருத்துவாள்; திருத்தினால் மறுபடி அந்தத் தப்பு வராது. இப்படி ஐந்து வருடம் வளர்த்ததில் அவளுடைய தஞ்சாவூர்ப் பேச்சும் "ங்க"வும்கூட அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் ஒன்று, வேலையில் ஒன்று, இரண்டு பேரிடமும் திட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்று அஞ்சப்பன் கேலி செய்வான். கதவணை மேல் இருந்த கட்டுப்பாட்டு அறையின் விளக்கு, மின்விசிறி, வாசற்கதவு எல்லாமே நீராணியின் கையில்தான். வேலை முடிந்து அவள் "வர்றேன்" என்றால் "போயிட்டு வாங்க" என்று சொல்லும். விசிறி நிற்கும், விளக்கணையும், அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும்.

புயல் மறுநாள் காலையில்தான் கரையைத் தொடும் என்று சொல்லியிருந்தார்கள். புயல் அப்படியேதான் வந்தது, கடல்தான் முந்திக்கொண்டது. சண்டை போட்ட அன்று நடுப்பகலிலேயே தண்ணீர் உப்பிக்கொண்டு எழுந்தது. மீன்பிடிப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து சேர்ந்தன. "வந்துட்டேன்" "வந்துட்டோம்" என்ற குரல்களைக் கேட்டு நீராணி ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்தது. தையல்நாயகி கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. 

அஞ்சப்பன் இழுவைப் படகை ஓட்டும் சிராங்கு. கப்பல்களைக் கயிறு கட்டிக் கதவுக்குள் இழுத்து விடுவது அவன் வேலை. அன்றைக்கு எல்லாப் படகும் உள்ளே வந்துகொண்டிருந்த நேரத்தில் அவன் மட்டும் வெளியே போனான். ஆளில்லாமல் தானே ஓடும் சரக்குக் கப்பல் ஒன்று நங்கூரம் அறுந்து, செத்த மாடு மாதிரி கதவணையை நோக்கி மிதந்து வந்தது. அது வந்து மோதினால் கதவு வளையும். வளைந்த கதவை அந்தப் புயலில் எவனும் மூட முடியாது. ஆணையம் வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கதவடியில் தாண்டும்போதும் அவன் எதுவும் சொல்லவில்லை. இன்னமும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கயிறு மாட்டிவிட்டான். அது வரைக்கும் திரையில் தெரிந்தது. அதன்பின் மழை வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக மறைத்தது. அவன் படகு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற புள்ளி இரண்டு முறை துடித்துவிட்டு அணைந்தது.

"தண்ணி எல்லைக் கோட்டுக்கு வந்துடுச்சுங்க" என்றது நீராணி. "வெளிய இருக்கறது ஒருத்தர்தான். மூடணுங்க."

"கொஞ்சம் இரு."

ஒலிபெருக்கியில் இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"தையலு."

பிறகு வெறும் இரைச்சல். மூச்சு விடுகிற நேரம்.

"வர்றேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் காலையிலிருந்து தொண்டையில் நின்ற முள் அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டது. வருகிறான். கோபமெல்லாம் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, வருகிறேன் என்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 

"அஞ்சப்பண்ணன் சொல்லிக்கிட்டுப் போறாருங்க" என்றது நீராணி. "கதவை மூடுறேன்."

"என்னது? வர்றேன்னுதானே சொல்றாங்க. மூடாத."

"பேர் சொன்னாருங்க. நிறுத்துனாருங்க. அப்புறம் வர்றேன்னாரு. நீங்க சொல்லிக்குடுத்தபடி அது விடைங்க."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பாடம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் இயந்திரம் ஒன்று தன் புருஷன் குரலுக்குத் தனக்கே அர்த்தம் சொல்வதாக அவளுக்கு எரிந்தது. அஞ்சப்பன் குரலை அவளைவிட யாருக்குத் தெரியும்? நீராணிக்கு மேல் ஒரே ஒரு விதி இருந்தது. கதவுக்கு வெளியே ஒருவர் உயிரோடு வந்துகொண்டிருக்கிறார் என்று பணியில் இருக்கும் மனிதர் வாயால் சொன்னால், அது கதவை மூடக் கூடாது. எந்தக் கணக்கும் அதற்கு அப்புறம்தான். அன்றைக்குப் பணியில் இருந்தது அவள்தான்.

"நான் சொல்றேன்" என்றாள். "ஆள் உயிரோட உள்ள வந்துக்கிட்டிருக்காரு. வர்றேன்னா வர்றதுதான். கதவு தொறந்திருக்கட்டும்."

"சரிங்க" என்றது நீராணி. அதற்குக் கோபம் கிடையாது.

கதவு திறந்திருந்தது. கடல் உள்ளே வந்தது. அலை அலையாகக்கூட வரவில்லை. ஆறே புரண்டு படுத்த மாதிரி, மொத்தத் தண்ணீரும் திரும்பி மேற்கே நடந்தது. அலையாத்திக் காட்டில் மரங்களின் இடுப்பு வரை ஏறி, கழுத்து வரை ஏறி, வாய்க்கால்களுக்குள் பிரிந்து போனது. அவள் மழைக்குள் ஒரு விளக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். எந்த நிமிடமும் தெரியும் என்று தோன்றியது. இந்த அலைக்குப் பின்னால், அடுத்த அலைக்குப் பின்னால்.

கோதண்டபாணி போனில் கூப்பிட்டான்.

"தையலு, வாய்க்கால்ல தண்ணி கீழேருந்து மேல வருது. எனக்குத் தெரிஞ்சு இப்படி வந்ததில்ல. கதவு என்னாச்சு?"

"அண்ணே, உங்க மாப்ள வெளிய மாட்டிக்கிட்டாங்க. வந்துக்கிட்டிருக்காங்க. வர்றேன்னு சொன்னாங்க. அதான் தொறந்து வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சரி" என்றான் கடைசியில். "மாப்ள வரட்டும்."

அவன் மட்டும் சரி என்றால் போதுமா? கடைமடையில் அவன் ஒருவன் மட்டுமா இருக்கிறான்? மற்றவர்கள் யாரையும் அவள் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. நீராணி இடையிடையே எந்த வாய்க்கால் உப்பாகிவிட்டது என்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில், குடியிருப்பை ஒட்டிய கரை அரிக்கிறது, இனி ஜனங்கள் வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று சொன்னது. "நீங்க சொன்னாத்தாங்க மூட முடியும்" என்றது.

அவள் சன்னலைப் பார்த்தாள். விளக்கு இல்லை. 

"மூடு" என்றாள். தன் வாயாலேயே சொன்னாள். கதவு இறங்குகிற அதிர்வு காலடியில் தெரிந்தது. அது நின்றபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

புயல் ஓய்ந்த பிறகு ஹெலிகாப்டர் தேடியது, கடலோரக் காவல் தேடியது. இழுவைப் படகும் இல்லை, சரக்குக் கப்பலும் இல்லை. ஊரில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயலில் உப்பு பூத்து, சம்பாப் பயிர் நுனியிலிருந்து வெந்து பழுக்கத் தொடங்கியிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. குடிக்கிற குளமும் கரித்தது. ஆனாலும் தாலிக்கு இன்னும் பதில் தெரியாத பெண்ணிடம் வயலைப் பற்றிக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. கேட்காமல் போனவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்தப் பரிதாபம் அவளுக்கு நெருப்பாக இருந்தது.

ஆணையத்தின் தலைமைப் பொறியாளர் சுதர்சனம் வந்தார். கெட்டவர் இல்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 

"பேச்சை மெஷின் தப்பாப் புரிஞ்சிக்கிச்சு, அதனால கடைசி நேரத்துல குழப்பமாயிடுச்சுன்னு அறிக்கை எழுதிடறேம்மா. நீங்க சரியாத்தான் திருத்துனீங்க. இருக்கற துக்கத்துல இது வேற எதுக்கு உங்களுக்கு? மெஷினுக்கு என்ன, வேலையா போகப்போகுது?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவளுக்குத் தெரியும்தான். ஆனால் இயந்திரம்தான் தப்பு செய்தது என்றே அப்போது அவளும் நம்பினாள். அவன் வருகிறேன் என்றுதான் சொன்னான், இயந்திரம்தான் போகிறான் என்றது. அவள் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் பகலில் கிழக்கே ஒரு புள்ளி தெரிந்தது. கிட்டே வரவர அது இரண்டு புள்ளி ஆனது. முன்னால் இழுவைப் படகு, பின்னால் கயிற்றில் அந்தச் சரக்குக் கப்பல். ஊரே கரைக்கு ஓடியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிய தையல்நாயகி, உப்புப் பொரிந்து உதடு வெடித்து இறங்கி வந்தவனை, அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் இல்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவன் மேல் டீசல் வாடை அடித்தது. அவள் அழுதாள், சிரித்தாள், அவன் முதுகில் இரண்டு அடி வைத்தாள்.

"எவ்வளவு நேரம் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா?" என்றாள்.

"எதுக்கு?" என்றான் அவன்.

"நீங்கதானே வர்றேன்னீங்க."

அவன் அவளை விலக்கிப் பிடித்து முகத்தைப் பார்த்தான்.

"காலையில சொல்லிக்காம வந்துட்டேன்ல தையலு. அந்த இரும்பு மாட்டையும் இழுத்துக்கிட்டு அந்த அலையில கதவுக்குள்ள எப்படி நொழைய முடியும்? ஆழத்துக்குப் போயிட்டா தப்பிச்சுக்கலாம்னு கெழக்க திருப்பிட்டேன். ஒருவேளை திரும்பாமப் போயிட்டா, கடைசியா ஒங்கிட்ட சொல்லிக்காமப் போனதா ஆயிடக்கூடாதேன்னுதான் சொல்லிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நீ மூடியிருப்ப, மச்சான் வயலு தப்பிச்சிருக்கும்னுதான் நிம்மதியாப் போனேன்."

அவன் அவள் தோளுக்கு மேலே, கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்தில் கடைமடைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவன் புரிந்துகொண்டான். அவன் செத்திருந்தால் ஊர் அவளை மன்னித்திருக்கும். உயிரோடு வந்துவிட்டான். இனி அவரவர் வயல் அவரவருக்கு ஞாபகம் வரும்.

அன்றைக்குச் சாயங்காலம், வேலை இருக்கிறது என்று சொல்லிக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. அங்கேயும் முடியவில்லை. அவனுடைய குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். தையலு. இடைவெளி. வர்றேன். இப்போது கேட்டால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், விடைபெறுகிறான் என்று. ஒருவன் மனசு விட்டுச் சொன்ன சொல்லை, சொல்லப்பட்டவள் மட்டும் தப்பாகக் கேட்டிருக்கிறாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வர்றேன்" என்றாள், பழக்கத்தில்.

"சரிங்க" என்றது நீராணி. 

அவள் வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் கால் வைத்தாள். ஏதோ குறைந்தது. முதுகுக்குப் பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது.

உள்ளே வந்தாள். "ஏன் கதவைச் சாத்தல?"

"வர்றேன்னு சொன்னீங்கல்லங்க. நீங்க வர்றதுக்குத்தான் தொறந்து வச்சிருக்கேன்."

பையைக் கீழே வைத்தாள். "நான் கெளம்பறப்ப தெனமும் இதத்தானே சொல்லுவேன்?"

"ஆமாங்க. அப்ப நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருந்தேன். பேர் சொல்லி, நிறுத்திச் சொன்னாலும் வர்றேன்னா வர்றதுதான்னு புயல் அன்னைக்கு நீங்க திருத்துனீங்க. சுதர்சனம் சாரும் அறிக்கையில அந்தத் திருத்தத்த உறுதிப்படுத்திட்டாரு."

விடிந்தால், புயலுக்காகப் போட்ட மீன்பிடித் தடை நீங்குகிறது. அத்தனை படகும் கிளம்பும். கதவடியில் ஒவ்வொருவனும் சொல்வான், வர்றேன், வர்றேன் என்று. நீராணி கதவை விரித்து வைத்துக்கொண்டு, போன அத்தனை பேருக்காகவும் காத்திருக்கும். முதல் நாள் கூத்தின்போது ஓதம் குறைவு என்று தப்பித்தார்கள். நாளைக்கு அமாவாசை, ஓதம் பெரிது. மிச்சம் இருக்கிற வயலும் போகும். 

"அந்தத் திருத்தத்த எடுத்துடு."

"உறுதியான திருத்தத்த வெறுமனே எடுக்க முடியாதுங்க. அது தப்புன்னு, திருத்துனவங்களே பதியணும். யாரு தப்பு, ஏன் தப்புன்னு சொல்லணும்."

அந்த விதியை எழுதும்போது அவளும் கூட இருந்தாள். எவனும் இயந்திரத்தைக் கெடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அவள்தான் சொன்னாள். சொன்னது நன்றாகத்தான் இருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் சொன்ன வர்றேன் உள்ளே வருகிற வர்றேன் இல்லை, விடைபெறுகிற வர்றேன். கதவைக் காப்பாற்றத்தான் வெளியே போனார். இயந்திரம் சரியாகச் சொன்னது, நான்தான் கேட்கவில்லை என்றாள்.



"மாப்ள வரட்டும்னு நானும்தானே சொன்னேன்" என்றான் கோதண்டபாணி. "இத நீ ஊருக்குச் சொல்லித்தான் ஆவணுமா? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, முழம் என்ன."

"இன்னும் போகலண்ணே. சொல்லலேன்னாத்தான் போகும்."

"அவனுங்க சும்மா விடமாட்டானுங்க தையலு. ஒன்னையும் சரி, மாப்ளயயும் சரி. நானே..." அவன் முடிக்கவில்லை. "நானே ரெண்டு நாளைக்கு ஒன் மொகத்துல முழிப்பேனான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் சொல்லிக்கொள்ளவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

சன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அலையாத்திக் காட்டின் மேல் கொக்குகள் அடைந்தன. அவற்றுக்கு உப்பு கூடினாலும் குறைந்தாலும் மரம் இருந்தால் போதும். அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு சொல்ல அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"புயல் அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி" என்றாள். "அவர் சொல்லிக்கிட்டுத்தான் போனாரு. நான் பயத்துல வர்றாருன்னு கேட்டுக்கிட்டேன். திருத்தம் தப்பு."

"யாரு தப்புன்னு பதியட்டுங்க?"

"தையல்நாயகி."

"இதப் பதிஞ்சா, உங்கள இந்தப் பொறுப்புலேருந்து உடனே விலக்கணும்னு இருக்குங்க. இந்த அறைக்கு உங்களுக்கு அனுமதி இருக்காது."

"தெரியும். பதி."

"பதிஞ்சுட்டேங்க" என்றது நீராணி. அவ்வளவு சுருக்கமாக முடிந்துவிட்டது. அதற்கு வருத்தம் இருக்குமா என்று அவள் யோசித்தாள். இருக்காது. அவள் அதற்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். சன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த குடையை எடுத்துக்கொண்டாள். அஞ்சப்பன் கீழே வண்டியோடு வந்து நிற்பது தெரிந்தது. தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கதவடிக்கு வந்து நின்றாள். இன்றைக்குச் சொல்ல வேண்டிய சொல் போறேன் என்பதுதான். திரும்பி வரப்போவதில்லை. அவளுக்கும் தெரியும், நீராணிக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு நாக்கு வளையவில்லை.

"நீராணி" என்றாள்.

நிறுத்தினாள்.

"வர்றேன்."

விசிறி சுற்றுவது நின்றது. விளக்கு அணைந்தது.

"போயிட்டு வாங்க" என்றது நீராணி. அவள் படிக்கட்டில் கால் வைத்ததும் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.